சீட்டில் உள்ள நேரமும் வானில் செல்லும் நேரமும்

கொழும்பிலிருந்து ஜித்தாவுக்குச் செல்லும் விமானம் பிற்பகல் 2.00 மணிக்குப் புறப்பட்டு மாலை 5.50க்குச் சேரும் என்று ஒரு சீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கழித்துப் பார்த்தால் 3 மணித்தியாலம் 50 நிமிடம். திரும்பி வரும் விமானம் இரவு 7.00க்குப் புறப்பட்டு மறுநாள் அதிகாலை 3.10க்கு வந்து சேர்கிறது. அது 8 மணித்தியாலம் 10 நிமிடம். போகும்போது அருகில் இருந்த ஊர் வரும்போது தூரமாகிவிடுமா?

தூரம் மாறுவதில்லை. கட்டுநாயக்கவுக்கும் ஜித்தா விமான நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 4,650 கிலோமீற்றர். பூகோள உருண்டையில் இரண்டு இடங்களையும் ஒரு நூலால் இறுக்கிப் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறுகிய தூரம் இது. விமானங்கள் குறித்த வான்பாதைகளில் செல்வதால் உண்மையில் பறக்கும் தூரம் சற்றுக் கூடும்.

மாறுவது கடிகாரம். பூமி 24 மணித்தியாலத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே 15 பாகைக்கு ஒரு மணித்தியாலம். இலங்கை நேரம் கிழக்கு 82½ பாகை நெடுங்கோட்டையும், சவூதி நேரம் கிழக்கு 45 பாகை நெடுங்கோட்டையும் ஒட்டியவை. இடைவெளி 37½ பாகை. அதாவது 2½ மணித்தியாலம். சீட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரத்திலேயே இருக்கும். எனவே போகும்போது 2½ மணித்தியாலத்தைக் கூட்ட வேண்டும். வரும்போது கழிக்க வேண்டும். இப்போது போக 6 மணித்தியாலம் 20 நிமிடம், வர 5 மணித்தியாலம் 40 நிமிடம்.

மீதி 40 நிமிட வித்தியாசத்துக்குக் காரணம் காற்று. பௌதிகவியலில் நாம் படிக்கும் தொடர்பு வேகம்தான் இது. குளிர்காலத்தில் அரேபியாவுக்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசுகிறது. விமானத்தின் வேகம் மணிக்கு 850 கிலோமீற்றர், காற்றின் வேகம் சராசரியாக 60 என்று கொண்டால், போகும்போது தரை சார்பாக 790, வரும்போது 910. இந்த வேகங்களால் 4,650ஐ வகுத்தால் முக்கால் மணித்தியால வித்தியாசம் கிடைக்கும்.

இந்தக் கணக்கு பரீட்சைத் தாளோடு முடிவதல்ல. என் வாப்பும்மா நீரிழிவுக்குக் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் மாத்திரை எடுப்பவர். உம்றாவுக்குச் சென்ற அன்று சவூதிக் கடிகாரத்தின்படி 8 மணிவரை காத்திருந்தால் இங்கே 10.30 ஆகிவிடும், 12 மணித்தியால இடைவெளி 14½ ஆகிவிடும். அதனால் இரண்டு ஊர் நேரங்களையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதினேன். அதை வைத்தியரிடம் காட்டி, மாத்திரைக்கும் உணவுக்கும் உரிய நேரங்களைக் குறித்துக்கொண்டோம்.

அந்தத் தாளில் இன்னொரு வரியும் இருந்தது. ஜித்தாவில் இறங்குவதற்கு ஏறத்தாழ அரை மணித்தியாலத்துக்கு முன்பே விமானம் மீக்காத் எல்லையைக் கடக்கும். அதற்குள் இஹ்ராமுக்குரிய நிய்யத்தை வைத்துவிட வேண்டும். பெண்களுக்கு இஹ்ராமுக்கெனத் தனி உடை இல்லாததால், அசதியில் உறங்கிவிட்டால் அருகில் இருப்பவருக்கும் நினைவு வராது. ஆகவே புறப்பட்டதிலிருந்து ஐந்தேகால் மணித்தியாலம் ஆனதும் எழுப்பிவிடும்படி கூடச் சென்ற மாமியிடம் சொல்லி வைத்தோம்.

உங்கள் வீட்டிலும் யாராவது பயணம் புறப்பட்டால் சீட்டை வாங்கிப் பாருங்கள். உண்மையில் பறக்கும் நேரத்தைக் கணக்கிட்டு, பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். முதியவர்களுக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.