புவியியல் பட்டமும் கடன் கணக்கும்

பன்னிரண்டாம் வகுப்பின் தேர்வு முடிவுகள் வெளியாகி, கலை அறிவியல் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடும் நாட்களில், பூகோளத்தைப் பாடமாக எடுக்க விரும்பும் ஒரு மாணவனின் வீட்டில் எழும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு: இதைப் படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும், இதற்காகக் கடன் வாங்கலாமா. கேட்க வேண்டிய கேள்விகள்தாம். எனினும், மூன்றாண்டுப் பட்டத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு இவற்றைக் கேட்பவர்கள், அந்தப் பட்டத்தின் கடன் உண்மையில் எந்த இடத்தில் பிறக்கிறது என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, அரசுக் கலைக் கல்லூரியில் புவியியல் இளங்கலை படிக்கும் மாணவன் கடனாளியாவதற்குக் காரணம் மிகக் குறைவு. கற்பித்தல் கட்டணம் பல ஆண்டுகளுக்கு முன்பே ரத்து செய்யப்பட்டுவிட்டது. எஞ்சியவை சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதிச் செலவு ஆகியவை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து வந்த மாணவிக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தின் கீழும், மாணவனுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் கீழும் மாதந்தோறும் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வந்து சேருகிறது. சென்னை மாநிலக் கல்லூரி, ராணி மேரிக் கல்லூரி போன்ற பழம்பெருமை வாய்ந்த நிறுவனங்களில் இந்தப் பாடத்தை இத்தனை குறைந்த செலவில் பயில முடிகிறது என்பதைச் சாதாரண விஷயமாக எண்ணிவிடலாகாது.

கடன் பிறப்பது அதன் பிறகு. வெறும் இளங்கலைப் பட்டத்தை மட்டுமே கேட்டு, அதிலும் புவியியல் பட்டத்தையே கேட்டு அழைக்கும் உத்தியோகங்கள் நம் நாட்டில் அரிது. மழையையும் புயலையும் படித்தவன் வானிலை ஆய்வுத் துறைக்குப் போகலாம் என்று பெற்றோர் நம்புகிறார்கள். அத்துறையோ அறிவியல் உதவியாளர் பணிக்கு இயற்பியலும் கணினி அறிவியலும் படித்தவர்களை நாடுகிறது. பாறையையும் மண்ணையும் ஆராயும் மத்திய நிறுவனமான புவியியல் ஆய்வகம் என்ற பெயரைக் கண்டு மயங்குவோர் உண்டு. அங்கே வேண்டப்படுவது நிலப்பொதியியல் என்ற வேறொரு சாஸ்திரம். எஸ்.பி. சட்டர்ஜி என்ற புவியியல் பேராசிரியரின் முயற்சியால் 1956இல் கல்கத்தாவில் தோன்றிய தேசிய நிலப்பட நிறுவனம் போன்று, இந்தப் பாடத்தைத் தனக்கே உரியதாகக் கொண்ட அமைப்புகள் சிலவே. ஆகவே பட்டதாரி இன்னொரு படிப்பை நாடுகிறான். அந்த இரண்டாவது படிப்புக்குத்தான் வங்கி வாசலில் நிற்கிறான்.

ஆசிரியப் பணியை முதலில் பார்ப்போம். இரண்டாண்டு பி.எட். முடித்து, தகுதித் தேர்விலும் பின்னர் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்விலும் வெற்றி பெற்றால், அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 36,400 ரூபாயில் தொடங்குகிறது. முதுகலை ஆசிரியருக்கு 36,900. அகவிலைப்படி தனி. இந்த ஊதியத்தை எதிர்நோக்கிக் கடன் வாங்குவதில் குற்றமில்லை. குற்றம், அந்த ஊதியம் எப்போது வரும் என்பதைக் கணக்கில் எடுக்காமல் விடுவதில் இருக்கிறது. 2023 அக்டோபரில் வாரியம் வெளியிட்ட அறிவிக்கையில் எல்லாப் பாடங்களுக்குமாகச் சேர்த்து 2,222 இடங்கள் இருந்தன. அவற்றில் புவியியலுக்கு உரியவை சிறு பங்கே. இத்தகைய அறிவிக்கைகள் ஆண்டுதோறும் தவறாமல் வருவனவும் அல்ல. இடைப்பட்ட காலத்தில் தனியார் பள்ளியில் கிடைக்கும் சொற்ப சம்பளத்திலிருந்துதான் தவணையைக் கட்டியாக வேண்டும்.

இரண்டாவது வழி இன்று இளைஞர்களைப் பெரிதும் ஈர்க்கும் ஜி.ஐ.எஸ். என்னும் புவிசார் தகவல் தொழில். 1802ஆம் ஆண்டில் பரங்கிமலைக்கு அருகே நில அளவையாளர் லாம்ப்டன் அடிக்கோடு அளக்கத் தொடங்கிய காலம் முதலாக, நிலத்தை அளப்பதும் படம் வரைவதும் அரசாங்கத்தின் தனியுரிமை போலவே இருந்துவந்தது. 2021 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டு நெறிகள் இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியின்றி நிலப்படத் தரவுகளைத் திரட்டவும் வெளியிடவும் வழி திறந்தன. அடுத்த ஆண்டு தேசிய புவிசார் கொள்கையும் வந்தது. வேலைகள் பெருகுகின்றன என்பது மெய். ஆனால் அந்த வேலைகளுக்குக் கட்டடப் பொறியியல் படித்தவரும், கணினி படித்தவரும், நிலப்பொதியியல் படித்தவரும் போட்டியிடுகின்றனர் என்பதும் மெய்.

இந்த வழியில் செல்ல விரும்பும் ஒருவன், தனியார் கல்லூரியில் இரண்டாண்டு முதுகலைப் படிப்புக்கு விடுதிச் செலவு உட்பட 4 லட்சம் ரூபாய் கடன் வாங்குவதாகக் கொள்வோம். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் இந்தத் தொகை வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. பெற்றோர் சேர்ந்து கையொப்பமிட்டால் போதும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கழிந்த பிறகே தவணை தொடங்கும். இதைக் கேட்டதும் மனம் நிம்மதி அடைகிறது; வட்டியோ ஒரு நாளும் ஓய்வதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் 2 லட்சம் வீதம் பெற்று, வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்தால், தவணை தொடங்கும் நாளில் தனிவட்டியே 1 லட்சம் ஏறி நிற்கும். அந்த 5 லட்சத்தைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் ஏறக்குறைய 6,600 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 7,93,000. தொடக்க ஊதியம் மாதம் 18,000 ரூபாயாக இருந்தால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணைக்கே போய்விடும். ஹைதராபாத்திலோ பெங்களூரிலோ அறை வாடகை கொடுத்த பின் அவன் வீட்டுக்கு அனுப்புவதற்கு என்ன மிஞ்சும்? அதே தவணை, அரசுப் பள்ளி ஆசிரியரின் அடிப்படை ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கடனின் பளு அதன் தொகையில் மட்டும் இல்லை. அதைச் சுமக்கும் வருமானம் எந்த மாதம் தொடங்குகிறது என்பதிலும் இருக்கிறது.

வட்டிச் சலுகை உண்டே என்று சொல்லப்படலாம். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்குப் படிப்புக் கால வட்டியை முழுவதும் ஏற்கும் மத்திய அரசின் திட்டம், தொழில்நுட்ப, தொழிற் படிப்புகளுக்கே உரியது. சாதாரணப் புவியியல் பட்டம் அதில் அடங்காது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டம் பாடத்தைப் பார்க்காமல் நிறுவனத்தின் தரவரிசையைப் பார்க்கிறது. எனவே சேரப்போகும் கல்லூரி அப்பட்டியலில் இருக்கிறதா என்பதைச் சேருமுன்னரே விசாரித்துவிட வேண்டும். வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்குக் கிடைக்கும் கழிவு எட்டாண்டுகள் வரை செல்லும், அதுவும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவருக்கே. வரி கட்டும் அளவுக்கு ஊதியமே இல்லாதவனுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. இவையெல்லாவற்றையும்விடப் பெரிய உபகாரம், படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டிவிடுவதுதான். மேற்சொன்ன கடனுக்கு முதலாண்டில் மாதம் சுமார் 1,670 ரூபாயும், பின்னர் 3,330 ரூபாயும் கட்டி வந்தால், தவணை 5,300க்குள் அடங்கிவிடும்.

குடிமைப் பணித் தேர்வில் விருப்பப் பாடமாக எடுத்தால் 500 மதிப்பெண்களைச் சுமக்கும் பாடம் இது என்பதை நினைத்துச் சேர்வோரும் பலர். அதைக் குறை கூற மாட்டேன். பயிற்சி நிலையக் கட்டணத்தோடு, சம்பாத்தியம் இல்லாமல் கழியும் ஆண்டுகளையும் கடன் ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

எந்தக் கல்லூரியின் எந்தப் பாடத்தில் படித்தவர் எவ்வளவு சம்பாதிக்கிறார், எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பதை அமெரிக்க அரசின் கல்வித்துறை ஓர் இணையதளத்தில் பாடவாரியாக வெளியிடுகிறது. நம்மிடம் அதற்கு நெருங்கியது, தேசியத் தரவரிசைக்காகக் கல்லூரிகள் அளிக்கும் விவரத்தாள்; அதில் வேலை பெற்றவர்களின் இடைநிலை ஊதியம் இருக்கும். ஆனால் அது எல்லாப் பாடங்களையும் ஒன்றாகக் கலந்து காட்டும் எண். வேலை கிடைக்காதவர்களைச் சேர்க்காத எண். அதைப் பார்த்த கையோடு புவியியல் துறைத் தலைவரைச் சந்தித்து, சென்ற மூன்று ஆண்டுகளில் படித்து வெளியேறியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்பது பெற்றோரின் உரிமை. அரசும் பாடவாரியாக இந்த விவரத்தை வெளியிட வேண்டும். ஏழைக் குடும்பத்துக்கு இதைவிடச் சிறந்த கல்வி உதவி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஆற்றின் போக்கையும், சதுப்பு நிலத்தின் அளவையும், நகரம் வளரும் திசையையும் ஒருசேர வைத்துப் பார்க்கப் பழக்கும் சாஸ்திரம் இது; 2015இன் வெள்ளத்தைக் கண்ட சென்னைக்கு அத்தகைய கண் படைத்தவர்கள் எத்தனை பேர் வேண்டுமென்று சொல்லத் தேவையில்லை. ஆகவே படியுங்கள் என்றே சொல்வேன். இளங்கலையைக் கூடியவரை அரசுக் கல்லூரியில் கடனின்றி முடியுங்கள். கியூ.ஜி.ஐ.எஸ். என்னும் மென்பொருள் எவருக்கும் இலவசம். டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் 2007 முதல் கட்டணமின்றித் தொலைவழி வகுப்புகள் நடத்திவருகிறது. இரண்டையும் கல்லூரி நாட்களிலேயே பயன்படுத்தி, சொந்த ஊரின் ஏரியையும் வாய்க்காலையும் படமாக வரைந்து காட்டப் பழகிவிடுங்கள். அதன்பின்னும், நீங்கள் நாடும் வேலை இன்ன சான்றிதழ் இருந்தால்தான் கிடைக்கும் என்று எழுத்தில் கேட்குமானால், அந்தச் சான்றிதழுக்காக மட்டும் கடன் வாங்குங்கள்.