ஆறுதல் வார்த்தையின் விலை

அமெரிக்காவின் 46-ஆவது அதிபர் ஜோ பைடன், 2025 ஜனவரி 20-ஆம் தேதி வெள்ளை மாளிகையைவிட்டு வெளியேறினார். அவருடைய பதவிக்காலம் முடியும் முன்பே நான்காண்டு ஆட்சியைப் பற்றிய விவாதம் தொடங்கிவிட்டது. பெருந்தொற்றால் முடங்கிக் கிடந்த நாட்டை மீட்டெடுத்தவர் என்கின்றனர் ஒரு சாரார். விலைவாசியை ஏறவிட்டு, காபூலில் தலைகுனிவைத் தேடித் தந்து, யாரை வீழ்த்தி ஆட்சிக்கு வந்தாரோ அவரிடமே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனவர் என்கின்றனர் மறுசாரார். இரண்டிலும் உண்மை இருக்கிறது என்பதுதான் இந்த விவாதத்தின் சிக்கல்.

பதவியிலிருந்து இறங்குவதற்குப் பதினொரு நாள்களுக்கு முன்பு, நூறு வயது வாழ்ந்து மறைந்த முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் இறுதிச் சடங்கில் பைடன் இரங்கலுரை ஆற்றினார். கார்ட்டரும் ஒரே தவணையோடு வீழ்ந்தவர். பணவீக்கமும் ஈரான் பிணைக்கைதிகள் விவகாரமும் அவரைச் சாய்த்தன. ஆனால், பணவீக்கத்தை அடக்கிய பால் வோல்க்கரை 1979-இல் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவராக நியமித்தவர் கார்ட்டர்தான். அதன் பலனை அறுவடை செய்தவர் ரீகன். 444 நாள்கள் சிறைப்பட்டிருந்த பிணைக்கைதிகள் விடுதலையானதும் ரீகன் பதவியேற்ற சில நிமிடங்களில்தான். விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்பது ஆட்சியியலில் புதிதன்று. எனவே, விடைபெறும் அதிபரை அவர் வெளியேறும் நாளின் செல்வாக்கைக் கொண்டு எடைபோடுவது தவறாகவே முடியும்.

அப்படியானால் எதைக் கொண்டு எடைபோடுவது? கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த காலத்தில் மாணவர்களிடம் நான் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்வதுண்டு. ஆட்சியாளர் கையில் எதைப் பெற்றார்? அன்றைக்குத் தெரிந்த தகவல்களின் அடிப்படையில் எதைத் தேர்ந்தெடுத்தார்? எதை விட்டுச் சென்றார்? இப்போது நான்காவதாக ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொள்கிறேன்: நெருக்கடியின்போது மக்களிடம் அவர் என்ன சொன்னார்?

முதல் கேள்விக்கான விடை எளிது. 2021 ஜனவரியில் அமெரிக்காவில் கரோனாவால் நாளொன்றுக்குச் சராசரியாக மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்துகொண்டிருந்தனர். பெருந்தொற்றுக்கு முன்பு இருந்ததைவிட ஏறத்தாழ ஒரு கோடி வேலைகள் குறைவாக இருந்தன. பதவியேற்புக்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான் நாடாளுமன்றக் கட்டடம் வன்முறைக் கும்பலால் சூறையாடப்பட்டிருந்தது. அதேவேளையில், தடுப்பூசியை விரைந்து உருவாக்கும் திட்டத்தை முந்தைய டிரம்ப் அரசு தொடங்கி வைத்திருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பைடன் அரசின் பங்கு, அந்தத் தடுப்பூசியை மக்களின் கைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. முதல் நூறு நாள்களுக்குள் 20 கோடி தவணைகள் செலுத்தப்பட்டன.

இரண்டாவது கேள்விதான் விவாதத்தின் மையம். 2021 மார்ச்சில் 1.9 லட்சம் கோடி டாலர் மதிப்பிலான மீட்புத் திட்டத்தில் பைடன் கையெழுத்திட்டார். தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் 1,400 டாலர் அனுப்பப்பட்டது. குழந்தைகளுள்ள குடும்பங்களுக்கான வரிச்சலுகை விரிவாக்கப்பட்டு, மாதந்தோறும் பணமாகவே வழங்கப்பட்டது. இவ்வளவு பெரிய தொகை எதற்கு என்றால், 2009-இல் கற்ற பாடம். அன்று ஒபாமா அரசு அறிவித்த ஊக்குவிப்பு போதாமல், வேலைவாய்ப்பு மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின. அந்தத் தவறு மீண்டும் நிகழக் கூடாது என்பதே பைடன் அரசின் கணக்கு.

கணக்கின் ஒரு பக்கம் பலித்தது. அரசு உதவிகளையும் கணக்கில் கொள்ளும் துணை அளவீட்டின்படி, குழந்தை வறுமை 2021-இல் 5.2 சதவீதமாகக் குறைந்தது. அதுவரை காணாத குறைந்த அளவு அது. வரிச்சலுகை விரிவாக்கத்தை நாடாளுமன்றம் நீட்டிக்காததால், அடுத்த ஆண்டே 12.4 சதவீதமாக அது எகிறியது. வேலையின்மை 2023-இல் 3.4 சதவீதத்தைத் தொட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காணாத நிலை.

மறுபக்கம் பலிக்கவில்லை. பணம் மக்களின் கைகளுக்கு வந்தது. பொருள்கள் சந்தைக்கு வரவில்லை. துறைமுகங்களில் கப்பல்கள் காத்துக் கிடந்தன. சில்லுத் தட்டுப்பாட்டால் கார் உற்பத்தி முடங்கியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டு, எண்ணெயும் தானியமும் விலையேறின. அந்த ஆண்டு ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தை எட்டியது. நாற்பது ஆண்டுகளில் இல்லாத உச்சம். இது முழுவதும் பைடனின் செலவால் வந்தது என்று கூற முடியாது. அத்தகைய மீட்புத் திட்டம் இல்லாத பிரிட்டனில் அதே ஆண்டு அக்டோபரில் பணவீக்கம் 11.1 சதவீதம், யூரோ மண்டலத்தில் 10.6 சதவீதம். ஆனால், எரிகிற அடுப்பில் கூடுதல் விறகைச் செருகியதில் அந்தத் திட்டத்துக்கும் பங்குண்டு. ஜனநாயகக் கட்சி அரசுகளிலேயே பணியாற்றிய பொருளாதார அறிஞர் லாரன்ஸ் சம்மர்ஸ், 2021 பிப்ரவரியிலேயே இதை எச்சரித்திருந்தார்.

அந்த எச்சரிக்கையை ஏற்காதவர்களில் நானும் ஒருவன். அமெரிக்காவில் பணிபுரியும் என் முன்னாள் மாணவர் ஒருவர் 2021-ஆம் ஆண்டின் நடுவில் தொலைபேசியில் அழைத்தார். வீடு வாங்கலாமா, பொறுத்திருக்கலாமா என்பது அவருடைய கேள்வி. வெள்ளை மாளிகையும் ஃபெடரல் ரிசர்வும் சொல்லிக்கொண்டிருந்ததையே நானும் சொன்னேன்: "இந்த விலையேற்றம் தற்காலிகமானது. ஓராண்டு பொறுங்கள், எல்லாம் சீராகிவிடும்."

அவர் பொறுத்தார். அன்று முப்பதாண்டு வீட்டுக் கடனுக்கான வட்டி சுமார் 3 சதவீதம். பணவீக்கத்தை அடக்குவதற்காக ஃபெடரல் ரிசர்வ், ஏறத்தாழ பூஜ்யமாக இருந்த தன் வட்டி விகிதத்தை 2022 மார்ச் முதல் படிப்படியாக உயர்த்தி, 2023 ஜூலையில் 5.5 சதவீதம் வரை கொண்டு சென்றது. வீட்டுக் கடன் வட்டி 7 சதவீதத்தைத் தாண்டியது. நான்கு லட்சம் டாலர் கடனுக்கு 3 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 1,690 டாலர். 7 சதவீத வட்டியில் சுமார் 2,660 டாலர். வீட்டின் விலையும் குறையவில்லை. அவர் இன்றும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்.

சென்ற ஆண்டு பேசியபோது, பணவீக்கம் 3 சதவீதத்துக்கு இறங்கிவிட்டதை அவரிடம் சற்றுப் பெருமிதத்துடன் சுட்டிக்காட்டினேன். "பணவீக்கம் இறங்கிவிட்டது சார். விலை இறங்கவில்லையே" என்றார். முப்பதாண்டுகள் வகுப்பில் நான் விளக்கிய வேறுபாட்டை மாணவர் எனக்கே நினைவூட்டினார். பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வேகம் குறைந்தாலும் ஏறிய உயரத்திலிருந்து விலை இறங்குவதில்லை. பைடனின் நான்காண்டுகளில் அமெரிக்காவின் பொது விலைமட்டம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தது. ஊதியமும் உயர்ந்தது, ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் விலையைவிடப் பின்தங்கியே வந்தது. உயர்ந்த ஊதியத்தைத் தன் உழைப்பின் பலனாகவும், உயர்ந்த விலையை அரசின் குற்றமாகவும் கருதுவது மனித இயல்பு. பொருளாதாரம் நன்றாக இருக்கிறது என்று பைடன் சொல்லச் சொல்ல, தங்கள் அனுபவத்தை அதிபர் மறுக்கிறார் என்றே மக்கள் எடுத்துக்கொண்டனர்.

இங்குதான் என் நான்காவது கேள்வி வருகிறது. பைடனின் நெருக்கடிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவருடைய செயல்களைவிட அவர் அளித்த உறுதிமொழிகளே அவருக்கு எதிரிகளாயின என்பது புலப்படும்.

2021 ஜூலை 4 விடுதலை நாள் விழாவில், தொற்றிலிருந்து விடுதலையை அறிவிக்கும் தருணம் நெருங்கிவிட்டது என்றார். அடுத்து டெல்டாவும் ஒமைக்ரானும் வந்தன. நான்கே நாள் கழித்து, காபூல் தூதரகக் கூரையிலிருந்து மக்களை மீட்கும் காட்சியை எவரும் காணப் போவதில்லை என்றார். ஆகஸ்ட் 15-இல் காபூல் வீழ்ந்தது. தூதரகத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் பறந்தன. அதே ஜூலையில், விலையேற்றம் தற்காலிகமானது என்றார். 2024 பிப்ரவரி இறுதியில், அடுத்த திங்கள்கிழமைக்குள் காஸாவில் போர்நிறுத்தம் வரும் என்று நம்புவதாகச் சொன்னார். பதவியின் கடைசி வாரத்தில்தான் அது கைகூடியது. அதற்குள் காஸா சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி 46,000-க்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் கொல்லப்பட்டிருந்தனர். சொல்லுக்கும் நிலவரத்துக்கும் இடையிலான தொலைவுக்கு அங்கே கொடுக்கப்பட்ட விலை டாலர் கணக்கில் அடங்காது. ஒருபுறம் நிதானம் கோரிக்கொண்டே மறுபுறம் ஆயுதங்களை அனுப்பிய கொள்கையை வரலாறு மன்னிக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறும் முடிவே தவறு என்று கூற மாட்டேன். வெளியேறுவதற்கான ஒப்பந்தத்தை 2020-இல் தோஹாவில் தலிபான்களுடன் செய்தது டிரம்ப் அரசு. இருபதாண்டுப் போரை மேலும் நீட்டிப்பதால் முடிவு மாறியிருக்கும் என்பதற்கும் சான்றில்லை. ஆனால், விமான நிலைய வாயிலில் நிகழ்ந்த தற்கொலைத் தாக்குதலில் 13 அமெரிக்கப் படையினரும் ஏறத்தாழ 170 ஆப்கானியர்களும் உயிரிழந்தனர். வரப்போகும் இடரை முன்கூட்டி ஒப்புக்கொண்டிருந்தால், வெளியேற்றத்துக்கான ஆயத்தமும் வேறுவிதமாக இருந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான சான்றும் அவருடைய ஆட்சியிலேயே இருக்கிறது. ரஷியா உக்ரைனைத் தாக்கப் போகிறது என்று 2022-இன் தொடக்கத்தில் அவரது அரசு உளவுத் தகவல்களை வெளிப்படையாக உலகுக்கு அறிவித்தது. உக்ரைன் அதிபர் ஸெலென்ஸ்கி உள்படப் பலரும் அதை மிகையென்று கருதினர். கசப்பான உண்மையை முன்கூட்டியே சொன்னதால், தாக்குதல் தொடங்கியபோது நேச நாடுகளைச் சில நாள்களுக்குள் ஒன்றிணைக்க முடிந்தது. அந்தப் போர் முடிவுக்கு வராமலேயே அவர் விடைபெற்றார் என்றாலும், நெருக்கடியை அவர் சிறப்பாகக் கையாண்ட தருணம் எது என்று கேட்டால் இதையே சுட்டுவேன்.

கடைசி நெருக்கடி அவரே. எண்பது வயதைக் கடந்த நிலையில் இரண்டாம் தவணைக்குப் போட்டியிட முனைந்தார். முதுமை தடையில்லை என்று அவரும் அவரைச் சூழ்ந்தவர்களும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 2024 ஜூன் 27 அன்று நடந்த தொலைக்காட்சி விவாதம் அந்த உறுதிமொழியை ஒன்றரை மணி நேரத்தில் தகர்த்தது. ஜூலை 21-இல் அவர் விலகியபோது, கமலா ஹாரிஸுக்குக் கிடைத்தது மூன்றரை மாதங்களே.

மூன்றாவது கேள்விக்கான விடை இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. 1.2 லட்சம் கோடி டாலர் உள்கட்டமைப்புச் சட்டம், சில்லு உற்பத்திக்கான சட்டம், தூய எரிசக்திக்கான முதலீட்டுச் சட்டம் ஆகியவற்றின் பலன்கள் பத்தாண்டுகளில்தான் தெரியும். அடுத்து வருபவர்கள் அவற்றை முடக்கினால் தெரியாமலும் போகலாம். மூத்த குடிமக்கள் மருத்துவக் காப்பீட்டில் இன்சுலினுக்கான செலவு மாதம் 35 டாலருக்கு மேல் போகாது என்ற வரம்பு, இன்றே பயனளித்துக்கொண்டிருக்கிறது. வட்டியை இவ்வளவு உயர்த்தினால் வேலையின்மை பெருகும் என்று பல நிபுணர்கள் கணித்ததும் பொய்த்தது. அவர் விடைபெற்றபோது அது 4 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. மறுதட்டில், 2025 ஜனவரியில் நாட்டின் கடன் 36 லட்சம் கோடி டாலரைத் தாண்டி நின்றது.

இந்தியர்களான நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். ஃபெடரல் ரிசர்வ் வட்டியை உயர்த்தியபோது டாலர் வலுத்தது. 2022-இல் ரூபாயின் மதிப்பு டாலருக்கு 80-ஐத் தாண்டிச் சரிந்தது. உள்நாட்டு விலையேற்றமும் சேர்ந்துகொள்ள, நம் ரிசர்வ் வங்கி 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதத்தை 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமாக்கியது. நம்மூரில் வீட்டுக் கடன் தவணை கட்டியவர்களும் அதன் சுமையில் ஒரு பகுதியைச் சுமந்தனர்.

என் தீர்ப்பு இதுதான்: பைடன் மோசமான கையிருப்பைப் பெற்றார், பெரும்பாலும் காரணத்தோடு கூடிய முடிவுகளை எடுத்தார், ஆனால் அவற்றின் விலையை மக்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. "வேலையைக் காப்பாற்றப் போகிறோம், அதனால் விலை ஏறக்கூடும், ஓரிரு ஆண்டுகள் சிரமம் இருக்கும்" என்று 2021-இல் அவர் சொல்லியிருந்தால் தேர்தல் முடிவு மாறியிருக்குமா என்று அறிய வழியில்லை. குறைந்தபட்சம், இடரைத் தாங்கிய மக்கள் தாங்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்திருக்க மாட்டார்கள்.

இந்தத் தீர்ப்பு எனக்கும் பொருந்தும். என் மாணவரிடம் அன்று "எனக்கு உறுதியாகத் தெரியாது, இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு" என்று சொல்லியிருக்க வேண்டும். பேராசிரியர் என்ற பெயருக்கு அது இழுக்காகப் பட்டது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தயங்கியதற்கான தவணையை, மாதந்தோறும் வேறொருவர் கட்டிக்கொண்டிருக்கிறார்.