உங்களுக்குத் தெரியுமா? பலாப் பாலுக்கு எண்ணெய், முந்திரிக் கறைக்குத் தண்ணீர்!

கோடை வந்தால் புதுக்கோட்டை மாவட்டத்தின் வடகாடு, கீரமங்கலம் பக்கமெல்லாம் பலா மணக்கும். ஆதனக்கோட்டையில் முந்திரி வறுபடும். கூடவே வேட்டியிலும் சேலையிலும் கறை ஏறும்.

பலாப் பால் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் இளகும். அதனால் கறையில் முதலில் தேங்காய் எண்ணெயைத் தடவி, இளகியதும் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு சலவைத்தூள் போட்டுத் துவைத்தால் எண்ணெய்ப் பிசுக்கும் போய்விடும்.

முந்திரிப்பழச் சாறு வேறு ரகம். அதிலுள்ள துவர்ப்புப் பொருளான டானின், இரும்பு பட்டால் கருத்துவிடும். துருப்பிடித்த வாளியில் அந்தத் துணியை ஊறவைக்கக் கூடாது. கறை காயும் முன்பே பச்சைத் தண்ணீரில் அலசுவது நல்லது. சோப்புக்கட்டி டானினைத் துணியில் பதியவைக்கக்கூடும், சலவைத்தூளே ஏற்றது.

முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அது பட்ட துணியைக் கையுறை போட்டு, தனியாகத் துவைக்க வேண்டும்.

எந்தக் கறையானாலும் முழுதாகப் போகும்வரை இஸ்திரி போடாதீர்கள். சூட்டில் அது நிலைத்துவிடும். பிளீச்சிங் பவுடருடன் எலுமிச்சைச் சாறு, வினிகர், ஆசிட் எதையும் கலக்கவே கலக்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.