நோசிபோ விளைவு

நோசிபோ விளைவு என்பது, ஒரு மருந்து தீங்கு செய்யும் என்று நோயாளி எதிர்பார்ப்பதாலேயே அவருக்கு வலி, குமட்டல், களைப்பு முதலிய அறிகுறிகள் தோன்றுவதைக் குறிக்கும். நலம் கிடைக்கும் என்னும் எதிர்பார்ப்பால் ஏற்படும் மருந்துப்போலி விளைவுக்கு இது எதிர்மாறானது. "தீங்கு செய்வேன்" என்று பொருள்படும் இலத்தீன் சொல்லான இதனை, வால்ட்டர் கென்னடி 1961 ஆம் ஆண்டில் மருத்துவத்தில் அறிமுகப்படுத்தினார்.

செயற்படும் முறை

இவ்வறிகுறிகள் நடிப்பு அல்ல. நோயாளி அவற்றை உண்மையாகவே உணர்கிறார். இத்தாலியைச் சேர்ந்த பப்ரிசியோ பெனடெட்டி குழுவினர் 1997 இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடம், வலியைக் கூட்டும் என்று கூறி வெறும் உப்புநீர் ஊசி போடப்பட்டது. அவர்களுக்கு வலி கூடியது. கோலிசிஸ்டோகைனின் என்னும் வேதிப்பொருளின் செயலைத் தடுக்கும் புரோகுளுமைடு மருந்து, இவ்வாறு வலி கூடுவதைத் தடுத்தது. எனவே, பதற்றத்தை வலியாக மாற்றுவதில் இவ்வேதிப்பொருளுக்குப் பங்கு உண்டு என்று கருதப்படுகிறது.

ஸ்டேட்டின் ஆய்வு

ஸ்டேட்டின்கள் இரத்தக் கொலஸ்டிராலைக் குறைத்து மாரடைப்பைத் தடுக்க உதவும் மருந்துகள். தசைவலி போன்ற தொல்லைகளால் பலர் இவற்றை நிறுத்திவிடுகின்றனர். அவ்வாறு நிறுத்திய 60 பேரிடம் இங்கிலாந்தில் நடத்தப்பட்ட ஆய்வு 2020 இல் வெளியானது. ஓராண்டில் அவர்களுக்கு நான்கு மாதங்கள் ஸ்டேட்டினும், நான்கு மாதங்கள் மருந்துப்போலியும் வழங்கப்பட்டன. நான்கு மாதங்கள் மாத்திரை ஏதும் இல்லை. இவை மாதந்தோறும் மாறிமாறி அமைந்தன. ஸ்டேட்டின் உண்டபோது கூடிய தொல்லையில் ஏறக்குறைய 90% மருந்துப்போலி உண்டபோதும் காணப்பட்டது. முடிவுகளை அறிந்தபின் 30 பேர் மருந்தை மீண்டும் தொடங்கினர்.

அறஞ்சார் சிக்கல்

பக்கவிளைவுகளை அறிவது நோயாளியின் உரிமை. ஆனால் அவ்வறிவிப்பே பக்கவிளைவைத் தூண்டக்கூடும். சுக்கிலச் சுரப்பி வீக்கத்திற்கு பினாஸ்டிரைடு உண்டவர்களைப் பற்றிய 2007 ஆம் ஆண்டு ஆய்வில், பாலியல் பக்கவிளைவுகள் குறித்து முன்பே கூறப்பட்டவர்களுள் ஏறத்தாழ 44% பேரும், கூறப்படாதவர்களுள் 15% பேரும் அவற்றைத் தெரிவித்தனர். இதனால், உண்மையை மறைக்காமல், "100 பேரில் 95 பேருக்கு இத்தொல்லை வருவதில்லை" என்பது போன்ற முறையில் விளக்குவது பரிந்துரைக்கப்படுகிறது.

வரம்புகள்

எதிர்பார்ப்பு பெரும்பாலும் உணரப்படும் அறிகுறிகளையே மாற்றுகிறது. நம்பிக்கையால் புற்றுநோய்க் கட்டி கரையும் என்பதற்குச் சான்று இல்லை. நோய் முற்றியதற்கு நோயாளியின் மனநிலையைக் குறை கூறுவதும் தவறாகும். மருந்துகளுக்கு உண்மையான பக்கவிளைவுகளும் உள்ளதால், புதிய அறிகுறி எதனையும் நோசிபோ என்று ஒதுக்காமல் மருத்துவர் ஆராய வேண்டும்.