ஒற்றையர் ரெனிஸும் உள்ளத் திண்மையும்

விளையாட்டென்பது உடற்பயிற்சியின் பாற்பட்டதே என எண்ணுவார் பலர். ஒற்றையர் ரெனிஸ் ஆட்டத்தைக் கூர்ந்து நோக்குவோர், அஃது உள்ளத்துக்கும் உரிய பயிற்சியென்பதை உணர்வர். 78 அடி நீளமும் 27 அடி அகலமும் கொண்ட ஆடுகளத்தில் ஒவ்வொருவரும் தத்தம் பாதியைத் தனித்தே காக்கின்றனர். தோள்கொடுக்கத் துணைவரில்லை, தவறு நேர்ந்தால் பழி சுமத்தவும் பிறரில்லை. குறித்த நேரம் கழிந்ததும் முடியும் ஆட்டமுமன்று. இறுதிப் புள்ளியை வென்றாலன்றி வெற்றியில்லை. ஆதலின் முன்னிற்பவர் அயர்தலும் பின்தங்கியவர் சோர்தலும் ஒருங்கே பிழையாம்.

வலுவாக அடித்தல் மட்டும் ஆட்டத்திறன் ஆகாது. எதிராளி விரும்பும் பந்தை மறுத்து, விரும்பாத பந்தை அளித்தலே தந்திரம். இதற்குச் சான்றாக 1975 ஆம் ஆண்டு விம்பிள்டன் இறுதியாட்டத்தைக் காட்டுவோம்.

அமெரிக்கர் இருவர் அன்று மோதினர். முன்னைய ஆண்டின் வெற்றி வீரர் ஜிம்மி கொனர்ஸுக்கு வயது 22. ஆதர் ஆஷுக்கு 31. கொனர்ஸ் அச்சுற்றுப்போட்டியில் ஒரு செற்றேனும் இழவாது இறுதிக்கு வந்தவர். முன்னர் ஆஷை மும்முறை வென்றவர். விரைந்துவரும் பந்தின் வேகத்தையே தமக்குப் படைக்கலமாக்கித் திருப்பியடிப்பது அவர் வழக்கம்.

ஆஷோ வேகமான அடிக்குப் பேர்பெற்றவர். எனினும் அன்று அவ்வேகத்தையே துறந்தார். மெதுவான, தாழ்ந்த பந்துகளை அனுப்பினார். இடக்கை ஆட்டக்காரரான கொனர்ஸ் தம் வலப்புறத்துப் பந்தை இரு கைகளாலும் மட்டையைப் பற்றி அடிப்பவர். அதனால் அப்பக்கத்தில் அவரது எட்டுந்தூரம் குறைவு. ஆஷ் தமது சேர்விஸ் அடியை அப்பக்கத்தே அகல வளைத்து, அவரைக் களத்துக்கு வெளியே ஈர்த்தார். பின்னர் வெறுமையான மறுபக்கத்தில் பந்தை வீழ்த்தினார்.

முதலிரு செற்றுகளும் 6-1, 6-1 என ஆஷுக்கே கிடைத்தன. மூன்றாவதைக் கொனர்ஸ் 7-5 எனக் கைப்பற்றினார். பழகிய வேகத்துக்கே மீள உள்ளம் தூண்டும் வேளை அதுவே. ஆஷ் மீண்டாரல்லர். பக்கம் மாறும் இடைவேளைகளிற் கண்மூடி அமர்ந்து மனத்தை ஒருமுகப்படுத்தினார். நான்காவது செற்றை 6-4 என வென்றார். விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் என்னும் பெருமையும் அவருக்காயிற்று.

தமக்குப் புகழீட்டிய அடியையே தேவை நேர்ந்தபோது கைவிடுதல் எளிதன்று. கைவிட்டபின், தோல்வி நெருங்கும்போதும் அத்துணிபில் நிலைத்தல் அதனினும் அரிது. மட்டையேந்தும் எம் இளைஞர், கையைப் பழக்குமளவுக்கு உள்ளத்தையும் பழக்குவாராக.