இரு கரைகளின் அரிசியும் வாக்குச் சீட்டும்

அரசியல் அமைப்புகளை ஒப்பிட்டு ஆராய்வது குருமாருக்கு எதற்கு என வினவுவோர் நம்மிடையே உண்டு. கரிசல் நிலத்தில் ஊழியஞ்செய்வோர்க்கு இவ்வினாவின் விடை தொலைவில் இல்லை. கோவில்பட்டியை அடுத்த எட்டயபுரத்தில்தான் 1956-ஆம் ஆண்டில் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மழை பொய்த்த ஆண்டுகளில் தென்மாவட்ட மக்கள் கங்காணியின் பின்னே கண்டிச் சீமைக்குச் சென்றதும், 1854-இல் அங்கே தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது திருநெல்வேலிச் சபைகளின் உபதேசிமார் அவர்களைத் தொடர்ந்து சென்றதும் நாம் அறிந்தவை. ஆகவே தமிழகம், இலங்கை ஆகிய இவ்விரு மக்கள்நல ஆட்சிகளையும் ஒப்பிடுவது நம் குடும்பக் கணக்கைப் புரட்டுவது போன்றதே.

வாக்குரிமையில் இலங்கையே முந்தியது. டொனமூர் அரசியல் திட்டத்தினால் 1931-இலேயே வயதுவந்த ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்கு கிடைத்தது. தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் அன்றே சில தடைகள் இருந்தன. இந்தியாவில் அவ்வுரிமை 1951-52 பொதுத் தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது. வாக்குக்கு அஞ்சும் அரசு வயிற்றையும் நினைக்கும். கன்னங்கராவின் முயற்சியால் 1945-இல் இலவசக் கல்வி வந்தது. போர்க்காலத்து அரிசிப் பங்கீடு போருக்குப் பின்னும் நீடித்தது. 1953-இல் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்படவே ஹர்த்தால் மூண்டது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். நம் பக்கத்திலும் 1967-இல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி ஆட்சி மாற்றத்திற்குத் துணைசெய்ததை மூத்தோர் நினைவுகூர்வர்.

இத்தகைய இலங்கைதான் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழரைக் குடிகள் அல்லர் என விலக்கியது. தந்தையோ பாட்டனோ தீவில் பிறந்தமைக்குச் சான்று கேட்டால், லயத்தில் பிறந்தவர் எதைக் காட்டுவார்? அடுத்த ஆண்டே வாக்குரிமை குடியுரிமையோடு பிணைக்கப்பட்டது. மலையகத் தொகுதிகளை வகுக்கையில் இம்மக்களின் தலைகள் எண்ணப்பட்டன. வாக்கோ அத்தலைகளுக்கு இல்லை. அதனால் அண்டையிலிருந்த பிறருடைய வாக்கின் மதிப்பு உயர்ந்தது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்பாடு 9,75,000 பேரைப் பற்றியது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பின்னர் முடிவு செய்வதற்கு. சரக்குச் சீட்டு எழுதுவதைப் போல மனிதர் பங்கிடப்பட்டனர். நாடற்ற நிலையை முடிவுக்குக் கொணர்ந்த சட்டம் 2003-இல்தான் இயற்றப்பட்டது.

அமைப்பின் வேறுபாடு இங்கே புலப்படும். ஒற்றையாட்சியில் ஒரே சட்டசபையின் பெரும்பான்மை எதையும் செய்யலாம். 1971-இல் மேற்சபை நீக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டு அரசியலமைப்பு பௌத்தத்திற்கு முதன்மை இடம் அளித்தது. 1978-ஆம் ஆண்டு அமைப்பு நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதியையும் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தையும் ஒருங்கே கொணர்ந்தது. முன்னது அதிகாரத்தை ஒருவரிடம் குவித்தது. 2022-இல் மக்கள் எழுந்து அப்பதவியில் இருந்தவரை விலகச் செய்தனர். பின்னதோ சிறு கட்சிகளுக்குப் பேரம் பேசும் வலிமை தந்தது. நம்முடைய முறையில் 1967-இல் காங்கிரஸ் ஏறத்தாழ 41 விழுக்காடு வாக்குப் பெற்றும், 234 இடங்களில் 50-ஐ ஒட்டியே வென்றது. இவ்வகையில் தீவின் முறை மேலானது என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் கூட்டாட்சியும் மதச்சார்பின்மையும் நமக்கு ஈந்த பாதுகாப்பை எளிதாக எண்ணலாகாது. 1982-இல் சத்துணவையும் 2022-இல் காலை உணவையும் ஒரு மாநிலம் தானாகவே தொடங்க இயன்றதும் அவ்வமைப்பினாலேயே.

லேவியராகமத்தின் அறுவடைச் சட்டத்தை இங்கே நோக்குக. வயலோரத்துக் கதிர் எளியவனுக்கு மட்டுமன்று, பரதேசிக்கும் உரியது. நிலக்காரர் தம் இரக்கத்தினால் ஈயும் பிச்சையாக அது கூறப்படவில்லை. அறுக்காது விட்டுவிடும்படி அவருக்கே கட்டளை. மோவாபியப் பெண்ணாகிய ரூத் போவாசின் வயலுக்குள் நுழைந்தது அதன் பலத்தினாலேயே. இலங்கையின் அரிசிப் பங்கீடு எளியவனைக் கண்டது. அதன் குடியுரிமைச் சட்டமோ பரதேசியைக் காணவில்லை.

நாம் கண்டோமா? பட்டியல் சாதியார் பற்றிய 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கு மட்டுமே அத்தகுதியை அளித்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்றளவும் வெளியே. தமிழகம் அவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்துள்ளது. கோவில்பட்டிக்குத் தெற்கே ஒட்டப்பிடாரம் தனித்தொகுதியில் நம் சபையார் வாக்களிக்கலாம். தலித் கிறிஸ்தவர் என்று தம்மை அறிக்கையிடும் ஒருவர் அங்கே வேட்பாளராக நிற்க இயலாது. சேரியிலும் கல்லறைத் தோட்டத்திலும் சாதி அவரை விட்டதில்லை என்பது, இரு கல்லறைகள் வைத்திருக்கும் சபைகளின் ஆயர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று. பிள்ளையின் சான்றிதழுக்காக ஞானஸ்நானப் பதிவை மறைக்கும் பெற்றோரைப் பீடத்திலிருந்து கடிந்துகொள்ளுமுன், அவ்வாணையின் மூன்றாம் பத்தியை நம் மாணவர் வகுப்பில் ஒருமுறையேனும் வாசித்திருக்க வேண்டும்.