பத்மினிக்குள் ஒரு மர்ம ஒயர்

மும்பைக்கு வந்து சேர்ந்த தமிழர் எவரும் பிரீமியர் பத்மினியை மறந்திருக்க முடியாது. 1964இல் பியட் 1100 டிலைட் என்று குர்லா தொழிற்சாலையில் உருவாகி, 1970களில் பத்மினி என்று பெயர் மாறிய வண்டி அது. கறுப்பு மஞ்சள் டாக்சியாக ஓடிய கடைசிப் பத்மினியும் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. ஆனால் அதைச் சொந்தக் காராக வைத்துக் கொண்டு, பிள்ளையைப் போல் பேணி வருகிறவர்கள் சிலர் இன்னும் உண்டு.

செம்பூரில் என் அண்டை வீட்டுக்காரர் அவர்களில் ஒருவர். குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பத்மினிக்குத் திடீரென்று ஒரு நோய் கண்டது. நன்றாக ஓடிக் கொண்டிருக்கும் வண்டி, பள்ளத்தில் இறங்கி ஏறிய சிறிது தூரத்தில் இருமி இருமி நின்றுவிடும். சற்று நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பும்.

வெயிலில் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது என்றார் ஒரு மெக்கானிக். பம்பின் மீது ஈரத் துணியைச் சுற்றினார்கள். காயிலை மாற்றினார்கள், கண்டென்சரை மாற்றினார்கள், பம்பின் டயாப்ரத்தையும் மாற்றினார்கள். பென்ஷன் பணம் கரைந்ததுதான் மிச்சம்.

கடைசியில் சயானில் ஒரு தமிழ் எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொண்டு போனோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பானெட்டைத் திறந்தவர் எதையும் கழற்றவில்லை. கால் மணி நேரம் சும்மா பார்த்துக் கொண்டே நின்றார்.

"அண்ணாச்சி, பத்மினியிலே பெட்ரோல் குழாய்க்குக் கரண்ட் எதுக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் விடை இருந்தது. பத்மினியின் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவதல்ல. எஞ்சினே அதை இயக்குகிறது. எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். ஆகவே டாங்கிக்குள் இருக்கும் மீட்டர் ஒயரை விட்டுவிட்டால், பெட்ரோல் குழாயை நாடிப் போகும் எந்த ஒயரும் பிற்பாடு யாரோ சேர்த்ததாகத்தான் இருக்க வேண்டும்.

யார் சேர்த்தது?

2000க்குப் பின் மும்பை டாக்சிகள் சி.என்.ஜி.க்கு மாறிய போது, சொந்தக் கார்க்காரர்கள் சிலரும் மாறினார்கள். நண்பரும் அப்படித்தான். டிக்கியில் சிலிண்டர், டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு ஸ்விட்ச். சிலிண்டரை மூன்றாண்டுக்கு ஒரு முறை நீரழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அந்த அலைச்சல் பிடிக்காமல் ஒரு நாள் சிலிண்டரைக் கழற்றிவிட்டார். ஒயர்களைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

காஸ் கிட் போடும்போது பெட்ரோல் குழாயின் நடுவே ஒரு சிறு மின் வால்வு வைப்பார்கள். கரண்ட் வந்தால் திறக்கும், போனால் மூடிக் கொள்ளும். வண்டி காஸில் ஓடும்போது கார்புரேட்டருக்குப் பெட்ரோலும் சேர்ந்து வராதபடி காப்பது அதன் வேலை. ஸ்விட்சில் பெட்ரோல், காஸ் என்ற இரண்டுக்கும் நடுவே இரண்டும் இல்லாத ஒரு நிலை உண்டு. கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் தீர்ந்த பிறகே காஸுக்கு மாற வேண்டும் என்பதற்காக அது.

பழைய ஸ்விட்ச் தளர்ந்து, வண்டி குலுங்கும் போதெல்லாம் அந்த நடுநிலைக்கு நழுவியிருக்கிறது. வால்வு மூடிவிடும். ஆனால் கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோல் தீரும் வரை வண்டி ஓடும், பிறகுதான் நிற்கும். அதனால்தான் எல்லாருக்கும் பம்பின் மேல் சந்தேகம்! நண்பர் எரிச்சலில் டாஷ்போர்டைத் தட்டுவார், ஸ்விட்ச் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

சோதிக்க எலக்ட்ரீஷியன் செய்ததும் எளிய காரியமே. எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னார். வால்வின் மீது விரல் வைத்தார். 'டிக்' என்ற துடிப்பு தெரிந்தது. ஸ்விட்சை லேசாக அசைத்தார், மறுபடி 'டிக்'. பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில் ஒயரை உரசிப் பொறி பார்ப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த விபரீதம் இங்கே நடக்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்போம். ஒயரைத் தடவிக் கொண்டே போனவரின் கை ஓரிடத்தில் நின்றது. முன்பு எவரோ ஒரு மெக்கானிக், ஸ்விட்சை நம்பாமல், பாட்டரியிலிருந்து நேராக இன்னொரு ஒயரை வால்வு வரை இழுத்து, பாதியில் கைவிட்டிருந்தார். பியூஸ் கிடையாது. முனையில் வெறும் டேப். அது வெடிப்பு விட்ட பெட்ரோல் ரப்பர் குழாயின் மேலேயே கிடந்தது. அந்த முனை இரும்பில் பட்டிருந்தால் ஒயர் முழுதும் பழுத்திருக்கும். பேரக் குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வண்டி அது. நண்பர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றினார். பிறகு வால்வு, ஸ்விட்ச், ஒயர்கள் எல்லாவற்றையும் எடுத்தார். கண்ணில் படும் ஒயரை வெட்டி எறியாமல், ஒவ்வொன்றும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்த பிறகே எடுத்தார். அதற்கும் காரணம் இருந்தது. காஸ் நிரப்பும்போது வண்டி கிளம்பாதபடி, நிரப்பும் வாயருகே ஒரு குட்டி ஸ்விட்ச் செல்ப் ஸ்டார்ட்டரின் ஒயரைத் தடுத்து நிற்கும். அதை அப்படியே வெட்டியிருந்தால் வண்டி கிளம்பியே இராது. அந்த இரு முனைகளையும் முன்பு போல் இணைத்தார். பெட்ரோலுக்கென்றே செய்த புதிய ரப்பர் குழாய் போட்டு கிளிப் மாட்டினார்.

"ஆர்.சி. புக்கிலே காஸ்னு இருக்குமே, அதையும் ஆர்.டி.ஓ.விலே மாத்திருங்க அண்ணாச்சி" என்றார்.

கழற்றிய ஒயர்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். நண்பர் அவற்றை வீட்டுக்குக் கொண்டு வந்து, அளந்து பார்த்தார். பதினோரு மீட்டர் இருந்தது.